ஒச்சம்மாள் மடியை உதறிய நாள்

போடியில் ஏலக்காய்க் கடைகள் இருக்கிற தெருவுக்குள் நுழைந்தாலே மூக்கு நிறைந்துவிடும். வெளியூர்க்காரர்கள் நின்று நின்று மோந்துவிட்டு, கொடுத்துவைத்த ஊர் என்று சொல்லிப் போவார்கள். அந்தக் கடைகளில் ஒன்றில் காம்பு கிள்ளித் தரம் பிரிக்கிற பெண்களில் ஒருத்தி ஒச்சம்மாள். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். திமிர் பிடித்தவள் என்று தெருவில் அவளுக்குப் பேர். எனக்கு அப்படிச் சொல்கிறவர்கள் மேல்தான் எரிச்சல் வரும். அவள் கதையில் பாதியை அவளே எனக்குச் சொன்னாள். மீதியை ஜீப்பு டிரைவர் ராக்கையா சொன்னான். இரண்டு பேரும் பொய் சொல்கிற ரகம் இல்லை.

பிறந்தது ராசிங்காபுரத்தில். கட்டிக்கொண்டு போனது போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளாவில் இருக்கிற ஒரு ஏலக்காட்டுக்கு. புருஷன் வேலுச்சாமி நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிக்கிறவன். மழைக்காலத்தில் ஒருநாள் மிதித்த கிளை வழுக்கி, கீழே வந்து சேரும்போது உயிர் இல்லை. மகள் சந்திரவல்லி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள். ஒச்சம்மாள் அழுது முடித்த கையோடு கூடையை எடுத்துக்கொண்டு காய் பறிக்கப் போய்விட்டாள். லயத்து வரிசை வீடுகளில் ஒன்று வேண்டும் என்றால் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் காட்டில் நிற்க வேண்டும். அது மலையில் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் பெண்கள் கேட்டில் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருத்தியாகக் கங்காணிக்கு முன்னால் வந்து, இடுப்பில் செருகியதை அவிழ்த்து, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகலாம். பிள்ளைத்தாய்ச்சியானாலும் சரி, பல் போன கிழவியானாலும் சரி. காய் ஏதும் ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பார்க்கத்தான். வந்த புதிதில் ஒச்சம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பிறகு எல்லாரையும் போலப் பழகிவிட்டது.

சந்திரவல்லிக்குக் காதுகுத்து வந்தது. ராசிங்காபுரத்திலிருந்து தாய்மாமன் வருகிறான், பாயசம் வைக்க வேண்டும். நாள் பூராவும் ஏலக்காய் பறிக்கிறவள் வீட்டுப் பாயசத்தில் ஏலக்காய் வாசம் இல்லாமல் இருப்பது என்ன நியாயம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு பிடி எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். திருடினாளா என்றால் திருடினாள்தான். நான் ஒன்றும் மூடி மறைக்கப் போவதில்லை. முடிச்சு சரியாக விழவில்லை. கங்காணி அழகுமலைக்கு முன்னால் உதறியபோது பச்சைக் காய்கள் தரையில் உருண்டன.

அழகுமலை அவளை அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அந்தக் காய்களைப் பொறுக்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கேட்டு ஓரமாக நிற்கச் சொன்னான். மற்ற பெண்கள் எல்லாரும் அவளைத் தாண்டிப் போய் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். மறுநாள் சாமான்களைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரு கங்காணி விரட்டியவளை இன்னொரு கங்காணி சேர்க்க மாட்டான். லோடு இறக்கப் போன ராக்கையாதான் தன் ஜீப்பில் ஏற்றிக் கூலி வாங்காமல் போடியில் கொண்டுவந்து விட்டான்.

போடியில் மிஷன் நடத்துகிற பெண் பிள்ளைகள் விடுதி ஒன்று இருந்தது. வார்டன் குணசீலி டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர்; தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்து, வீடு வீடாக அரிசி கேட்டு வாங்கிச் சோறு போட்டவர். அதை மறந்துவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் திருட்டும் பொய்யும் அவருக்கு அறவே ஆகாது. ஒச்சம்மாளுக்கு முன்னால் சமையல்கட்டில் இருந்தவள் ஒரு பொட்டலம் சீனியை வீட்டுக்கு எடுத்துப் போனாள் என்று அன்றைக்கே அனுப்பிவிட்டார். மலையை விட்டு ஏன் வந்தாய் என்று ஒச்சம்மாளிடம் கேட்டபோது, குளிர் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தாள்.

விடுதியில் இடம் போதவில்லை. புதிதாக இரண்டு அறை கட்டினால் பார்க்கலாம், சந்திரவல்லியையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். மூன்று வேளைச் சோறு, இங்கிலீஷ் பாடம், பத்தாவது வரைக்கும் படிப்பு. தன் மகள் ஏலக்காய்க் கூடையைத் தொடவே கூடாது என்கிற ஒரே நினைப்பில் ஒச்சம்மாள் அடுப்படியில் வெந்துகொண்டிருந்தாள்.

அந்த இரண்டு அறையைக் கட்டிக் கொடுக்கத்தான் எழுபத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு வாலிபர் கூட்டம் வந்தது. பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணுமாக. காலையில் ஜெபம் பண்ணிப் பாட்டுப் பாடிவிட்டுச் செங்கல் சுமப்பார்கள். கொத்தனார் ஒரு வரிசை வைத்து முடிப்பதற்குள் அவர்கள் முகம் மிளகாய்ப் பழம் மாதிரி ஆகிவிடும். ஊரே வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். உழைப்பில் குறை சொல்ல முடியாது; கை கொப்புளித்தும் விடவில்லை. அதில் லிண்டா என்று ஒரு பெண். ஒச்சம்மாளுடன் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். 'அம்மா' என்று கூப்பிடுவாள், எதற்கெடுத்தாலும் 'தேங்க் யூ' சொல்வாள். சந்திரவல்லிக்குத் தலை பின்னிவிடுவாள்.

சுவர் பாதிக்கு மேல் எழும்பியதும், ஒருநாள் ஓய்வு, மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்று டீச்சர் ஏற்பாடு செய்தார். போடிமெட்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பது, பிறகு டீச்சருக்குத் தெரிந்த மேனேஜர் இருக்கிற ஏலக்காட்டுக்குப் போவது. எந்த ஏலக்காடு என்பது முந்தின நாள்தான் ஒச்சம்மாள் காதில் விழுந்தது.  வயிற்று வலி, வர முடியாது என்று டீச்சரிடம் போய் நின்றாள். போன வாரம்தான் ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்து எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள். நீ வராவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பது யார் என்று டீச்சர் கேட்டார். 

இரண்டு ஜீப்பு. முதல் ஜீப்பை ஓட்டியது ராக்கையா. அவனுக்குப் பின்னால் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் அண்டாவைப் பிடித்துக்கொண்டு ஒச்சம்மாள். வளைவுக்கு வளைவு வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், நடுநடுவே பாடவும் செய்தார்கள். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தியபோது ராக்கையா மெதுவாகச் சொன்னான்.

"யக்கா, அந்தக் காட்டுக்குத்தேன் போறோம். முக்காட்டப் போட்டுக்கிட்டு ஜீப்புக்குள்ளயே இருந்துக்க. எறங்காத. நான் பாத்துக்கிறேன்."

போடிமெட்டில் ஒரே மேகம். பள்ளத்தாக்காவது போடியாவது, முன்னால் நிற்கிற ஆளே தெரியவில்லை. வெள்ளைக்காரர்களுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மேகத்துக்குள் கையை விட்டு விட்டுப் படம் எடுத்தார்கள். டீச்சரும் அன்றைக்குச் சிறுபிள்ளை மாதிரி இருந்தார். டீக்கடை வாசலில் நின்று சத்தமாகச் சிரித்தார். விடுதிக்கு வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து ஒச்சம்மாள் பார்த்ததில்லை. நாம் ஒருத்தி பயந்து சாகிறோம், இந்த மனுஷி இப்படிச் சிரிக்கிறாளே என்று முதலில் கோபமும், பிறகு பரிதாபமும் வந்ததாம்.

ஏலக்காட்டு வாசலில் மேனேஜர் காத்திருந்தார். சுற்றிக் காட்ட ஆள் யார் என்று பார்த்தால் அழகுமலை. மீசை நரைத்திருந்தது, குடை அதேதான். ஒச்சம்மாள் முந்தானையைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு ஜீப்பின் மூலையில் ஒடுங்கினாள். எல்லாரும் காட்டுக்குள் போனார்கள். சாரல் பெய்துகொண்டிருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் காட்டுக்குள் கூச்சல் கேட்டது. அட்டை. வெள்ளைக் காலெல்லாம் ரத்தம். லிண்டா ஓடிவந்து அம்மா அம்மா என்று கையைப் பிடித்து இழுத்தாள். அட்டைக்கு என்று உப்பை மடியில் முடிந்து கொண்டுவந்தவள் ஒச்சம்மாள்தான். மலையில் இருந்தவளுக்குத் தெரியாதா. போகாமல் இருக்க மனசு இல்லை. முக்காட்டோடு குனிந்தபடியே போய் ஒவ்வொரு காலாக உப்பு வைத்து அட்டையை உதிர்த்தாள். அழகுமலை அந்தப் பக்கமாக டீச்சரிடம் காயைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். செடிகளுக்கு இடையில் உட்கார்ந்து பறித்துக்கொண்டிருந்த மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள். பழைய லயத்தில் அடுத்த வீட்டுக்காரி. புருஷன் முறையில் ஒச்சம்மாளுக்கு நாத்தனார்.

"மதினி, நீங்களா? இங்கிட்டு ஏன் வந்தீக? வெரசா போயிருங்க," என்று உதடு அசையாமல் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

போக முடியவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாங்களும் பறிப்போம் என்று ஆளுக்கொரு கூடையை வாங்கிக்கொண்டார்கள். முற்றியது எது, பிஞ்சு எது என்று தெரியாமல் கொத்தோடு உருவினார்கள். அழகுமலை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இதே பிஞ்சை ஒரு கூலிக்காரி பறித்திருந்தால் அன்றைக்கு அவள் பாடு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஒச்சம்மாள் ஜீப்புக்குத் திரும்பிப் பதுங்கிக்கொண்டாள். மற்றவர்களுக்கு மேனேஜர் வீட்டில் விருந்து, ஸ்டோரில் காய் உலர்த்துவதைப் பார்ப்பது எல்லாம் முடிந்து கிளம்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. ஜீப்பு கேட்டுக்கு வந்த நேரமும் பெண்கள் வேலை முடிந்து வந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. வரிசை நின்றது. ஒவ்வொருத்தியாக மடியை அவிழ்த்து உதறினார்கள். வெள்ளைக்காரர்கள் ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்தார்கள். இது என்ன என்று டீச்சரிடம் கேட்டார்கள்.

டீச்சருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார், விருந்து போட்டவர். திருட்டுச் சோதனை என்று எப்படிச் சொல்வது? இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அன்றைய உழைப்பு முடிந்ததற்கு நன்றி சொல்கிற வழக்கம் என்று சொன்னாராம். மலை ஜீப்பு ஓட்டி ஓட்டி ராக்கையாவுக்குக் காதளவு இங்கிலீஷ் உண்டு. திருட்டும் பொய்யும் ஆகாத டீச்சர் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்தப் பிள்ளைகள் நம்பினார்கள். நன்றி சொல்கிற வழக்கம் என்றால் விடுவார்களா? அவர்களும் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் பாவாடையை உதறினார்கள், பையன்கள் சட்டையை உதறினார்கள். ஒரே சிரிப்பு. செம்பட்டைத் தலைப் பையன் ஒருவன் தன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்து உதறினான். பச்சைக் காய்கள் பொலபொலவென்று கொட்டின. ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட எடுத்து வைத்திருந்தானாம்.

கூலிப் பெண்கள் அந்தக் காய்களையே பார்த்தார்கள்.  அழகுமலை சிரித்தான். குனிந்து அத்தனை காயையும் பொறுக்கி, சாக்கிலிருந்து இன்னும் ஒரு கை அள்ளிச் சேர்த்துப் பையனின் பையில் போட்டுத் தட்டிக் கொடுத்தான். மேனேஜரும் சிரித்தார். டீச்சரும் சிரித்தார்.

லிண்டாவுக்கு அப்போதுதான் ஒச்சம்மாள் ஞாபகம் வந்தது. ஜீப்புக்குப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் தனக்கு முன்னால் நிறுத்தினாள். இழுத்த இழுப்பில் முக்காடு நழுவிவிட்டது. அழகுமலை பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"ஒச்சம்மாதானே? நீயி நல்லா உதறணும்த்தா."

இவளை உங்களுக்குத் தெரியுமா என்று டீச்சர் கேட்டார். தெரியாமல் என்ன, இந்த கேட்டில் வைத்துத்தான் இவளைப் பிடித்தோம், இவளை நம்பியா கூட வைத்திருக்கிறீர்கள் என்றான் அழகுமலை. டீச்சரின் முகம் வெளுத்தது. ஒச்சம்மாளுக்கு மகள் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. எல்லாம் போயிற்று என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பயம் இல்லை என்று சொன்னாள். 

மடியை அவிழ்த்து உதறினாள். அட்டைக்கு வைத்திருந்த மிச்ச உப்பு மட்டும் கொட்டியது. அழகுமலை அதையும் செருப்பால் கிளறிப் பார்த்தான். ஒச்சம்மாள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"நான் திருடுனது நெசந்தேன் டீச்சர். எம்மக காதுகுத்துப் பாயசத்துக்கு ஒரு பிடி எடுத்தேன். இப்ப அந்தத் தம்பி பையிலருந்து விழுந்துச்சுல்ல, அதுல பாதி இருக்காது. அவருக்கு மேற்கொண்டு அள்ளிக் குடுக்கிறாக. என்னைய இதே எடத்துல கையில ஏந்திக்கிட்டு நிக்க வச்சாக. ரெண்டையும் நீங்களே பாத்துக்கங்க."

 லிண்டா ஒச்சம்மாளின் முகத்தைப் பார்த்து, அம்மா என்ன சொல்கிறார் என்று டீச்சரிடம் கேட்டாள். எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொன்னார். அதில் ஒரு வார்த்தை ஒச்சம்மாளுக்குப் புரிந்தது. வந்ததிலிருந்து நாள் பூராவும் அந்தப் பிள்ளைகள் வாயில் கேட்ட வார்த்தைதான். தேங்க் யூ.

வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். லிண்டா கண்ணில் தண்ணீரோடு ஒச்சம்மாளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். செம்பட்டைத் தலைப் பையன் படம் எடுத்தான். அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. நல்ல மனசோடு வந்தவர்கள், சொன்னதை நம்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கைதட்டலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

 இறங்கி வரும் வழியெல்லாம், வேலை போய்விட்டது என்றே நினைத்தாள் ஒச்சம்மாள். வெள்ளைக்காரர்கள் கூரையைப் போட்டு முடித்து ஊருக்குப் போனபிறகு டீச்சர் கூப்பிட்டனுப்பினார். என்னிடம் நீ மறைத்திருக்கக் கூடாது என்றார். ஆனாலும் தப்பை ஒத்துக்கொண்டவளைத் தள்ளமாட்டேன், சந்திரவல்லிக்கு இடம் உண்டு என்றார். ஒன்றே ஒன்று, மகள் உள்ளே படிக்கும்போது தாய் சமையல்கட்டில் இருக்கக் கூடாது. ஒச்சம்மாளுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. விழுங்கிக்கொண்டாள். வாசலிலேயே விழுந்து கும்பிட்டாள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள், டீச்சர் மாதிரி மனுஷி உண்டா என்று. ஏலக்காய்க் கடையில் காம்பு கிள்ளுகிற சோலிக்குப் போனாள். காலாண்டு லீவு முடிந்து சந்திரவல்லி தகரப் பெட்டியோடு புது அறைக்குள் போனாள்.

முதல் மாதம் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள். மாதம் முடிந்து ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒச்சம்மாள் கடையில் சொல்லிக்கொண்டு முன்னதாகவே வந்து மீன் வாங்கி வைத்திருந்தாள். சந்திரவல்லி ஓடிவந்தாள். சதை பிடித்திருந்தாள், எண்ணெய் தேய்த்துப் படிய வாரியிருந்தாள். வாசற்படிக்கு வந்ததும் சட்டென்று நின்றாள். துணிப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். பாவாடையை இரண்டு கையாலும் பிடித்து நன்றாக உதறினாள். பிறகு ஒருதரம் திரும்பி நின்று உதறினாள். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தாள்.

"என்னத்தா பண்ற?"

"இப்படி உதறிட்டுத்தானம்மா வாசலத் தாண்டணும். சாப்புட்டு வெளிய வந்தாலும் உதறணும்."

 எல்லாப் பிள்ளைகளுமா உதறுகிறார்கள் என்று ஒச்சம்மாள் கேட்டாள்.

"இல்லம்மா, நான் மட்டுந்தேன்," என்றாள் சந்திரவல்லி. சட்டியைத் திறந்து மீனைப் பார்த்தபடியே சொன்னாள். "பழகிருச்சு."

 அன்றைக்கும் மறுநாளும் ஒச்சம்மாள் மகளுக்கு ஆக்கிப் போட்டாள், தலைக்கு ஊற்றிவிட்டாள், பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். பத்தாவது வரைக்கும் படிப்பு, மூன்று வேளைச் சோறு. அவளும் எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உதறினால் என்ன, தேய்ந்தா போய்விடும், நாம் உதறவில்லையா என்று. அந்த 'பழகிருச்சு' மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை மகளை வீட்டில் விட்டுவிட்டு விடுதிக்குத் தனியாகப் போனாள். பெட்டியைக் கொடுங்கள் என்றாள். உன் மகள் நல்லதுக்குத்தானே செய்கிறேன், ரத்தத்தில் இருக்கிறது தலைதூக்கிவிடக் கூடாதே என்று டீச்சர் நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.  ஒச்சம்மாள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். பள்ளிக்கூடம் போகிற நேரம். பிள்ளைகள், ஆயாக்கள், பால்காரர் எல்லாரும் வாசலில் இருந்தார்கள். அவள் நின்றாள். யாரும் சொல்லாமலே பெட்டியைத் திறந்து தரையில் கவிழ்த்தாள். இரண்டு பாவாடை, ஒரு சட்டை, சீப்பு, பாடப் புத்தகம். பெட்டியைத் தூக்கிப் பிடித்து அடியிலும் தட்டிக் காட்டினாள்.

"பாத்துக்கங்க டீச்சர். எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க."

அன்றைக்கு அங்கே நின்றவர்கள் எல்லாருக்கும் தமிழ் தெரியும். ஒச்சம்மாள் ஒவ்வொன்றாக மண்ணைத் தட்டி எடுத்து அடுக்கினாள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.